நீர் ஓணானுக்கு ஒரு அலுமாரி

எனக்குக் கோபம் வந்ததால்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. இரக்கம், பாசம் என்றெல்லாம் இப்போது சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் தெரு மெயின் ரோட்டோடு சேருகிற இடத்தில் ஒரு சலூன் இருக்கிறது. நடத்துகிறவர் புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். முடி வெட்ட வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கட்டும் என்று ஒரு மீன் தொட்டிக்குள் பச்சை நிற ஓணான் ஒன்றை வைத்திருந்தார். வெளிநாட்டு நீர் ஓணான். யாரோ ஒருவர் கனடாவுக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. தொட்டி இரண்டடி நீளம். வாலையும் சேர்த்தால் ஓணான் அதைவிட நீளம். வால் ஒரு மூலையில் மடிந்து கிடக்கும், மூக்கு எதிர் மூலையில் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடி என்று ஒன்று நடுவில் நிற்பதே அதற்குத் தெரியாது. எதிரே வெளிச்சம் தெரிகிறது, போகலாம் என்று முட்டும், முடியாமல் பின்வாங்கும், மறுபடியும் முட்டும். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஒருநாள் காலை பாண் வாங்கப் போனபோது சலூன்காரர் தொட்டியை வாசலில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு உரச் சாக்கு அசைந்தது.

"எங்க கொண்டு போறீங்க அத?" என்று கேட்டேன்.

"ஆத்துல விடப்போறேன் அக்கா. மூக்கு அழுகிப்போச்சு. கஸ்டமர்மார் அருவருக்கிறாங்க. தண்ணியில இருக்கிற சாதிதானே, பொழச்சா பொழைக்கட்டும்."

சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். மூக்கு நுனியில் தோலே இல்லை. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்தக் கண் மட்டும் தெளிவாக என்னைப் பார்த்தது. எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது.

"முட்டி முட்டி மூக்கு போற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, இப்ப ஆத்துல விடப்போறீங்களா? ஒங்களயும் இதே மாதிரி தொட்டியில வச்சு ரோட்டப் பார்க்கச் சொன்னா தெரியும்."

உள்ளே பாதி முகத்தில் சவரக்கிரீமோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். அதுதான் சலூன்காரருக்குச் சுட்டுவிட்டது.

"அவ்வளவு பாசம்னா நீங்க கொண்டு போங்க அக்கா. ஒரு மாசம் தாங்காது, பாருங்க."

"தாங்கும். தாங்க வைக்கிறேன். ஒரு நாளைக்கு நீங்களே வந்து பாப்பீங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாண் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கண்டி டவுனில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கடையில் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு மிச்சம் இருக்காது. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போனபிறகு இருந்த கொஞ்சமும் குறைந்துவிட்டது. ஓணானைப் பற்றி நான் மூச்சுவிடாமல் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரோசத்துக்குக் கொண்டு வந்திருக்கே" என்றார். அது உண்மைதான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் அதை ஒரு கூடையில் வைத்து, துணியால் மூடி, பேராதனைப் பக்கம் இருக்கும் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சிங்களப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். வீட்டு நாய் பூனை பார்ப்பவர் என்றாலும் ஊர்வன பற்றியும் தெரிந்தவர் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். மூக்கைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். இது நம் நாட்டுப் பிராணி இல்லை, எக்காரணம் கொண்டும் ஆற்றில் விடக்கூடாது, விட்டால் குளிரில் இது சாகும் அல்லது இங்கே இருக்கிற பிராணிகளுக்கு இது தொல்லையாகும் என்றார். பிறகு, மருந்து பெரிய விஷயம் இல்லை, இது இருக்கிற இடம்தான் மருந்து என்றார். இது மரத்தில் ஏறி இருந்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிற சாதி. அகலத்தைவிட உயரம் வேண்டும். உடம்பு முழுக்க முங்குகிற அளவு தண்ணீர் வேண்டும். ஒரு பக்கம் நல்ல சூடும் மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். வெயில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

வரும் வழி முழுக்க பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். உயரமான பெட்டி. வீட்டுக்குள் கால் வைத்ததுமே அது கண்ணில் பட்டது.

எங்கள் ஹாலில் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. பலா மரம், ஆறடி உயரம், முன்னாலும் இரண்டு பக்கமும் கண்ணாடி. என் மாமனார் முதன்முதலில் கடை போட்டபோது செய்வித்தது. புதுக்கடைக்கு மாறியபோது அங்கே இடமில்லாமல் வீட்டுக்கு வந்து, பழைய போர்வைகளையும் உடையாத கிளாஸ்களையும் சுமந்துகொண்டு நின்றது.

"ஏங்க, அந்த அலுமாரிய எனக்குத் தருவீங்களா?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம். ஆனாலும் இந்தத் தடவை கொஞ்சம் தயங்கினேன். அடுத்த நாள் நான் எழுந்து வரும்போது அலுமாரி காலியாக இருந்தது. போர்வைகள் கதிரை மேல் மடித்து அடுக்கியிருந்தன. "அப்பா அதுல பட்டுச் சேலை மட்டும்தான் அடுக்குவாரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. அடுப்பில் பருப்பு கிடக்கும், நான் அலுமாரிக்குள் தலையை விட்டு அளந்துகொண்டிருப்பேன். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தம்பிக்குத் தச்சு வேலை தெரியும். நல்ல கட்டையாகப் பார்த்துக் கொண்டு வா என்று போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவன் தோளில் பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டை ஒன்றைச் சுமந்து வந்தான். வேரும் முடிச்சுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"டவுன்ல இதுக்கு மேல கண்ணாடி போட்டு டீப்போய் செய்றாங்க அக்கா. அவ்வளவு ஸ்டைல்" என்றான்.

"டீப்போய்க்கு ஸ்டைல்தான். எத்தன வருசம் மருந்தடிச்ச செடி இது? நம்ம வாளிவாளியாக் கொண்டுபோய் அடிச்ச மருந்துதானே? இத நக்கினா அது சாகும்டா."

தேயிலைக் கட்டையைக் குறை சொன்னதில் அவனுக்குக் கோபம். எங்கள் ஆட்களுக்கு மரம் என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான், மருந்து நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் வைத்திருப்பேன். அடுத்த ஞாயிறு தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் நின்ற கொய்யாவிலிருந்து தடித்த கிளைகளாக வெட்டி வந்தான். கொய்யா வழுக்காது, வளையாது, நகம் பிடிக்கும். அலுமாரித் தட்டுகளைக் கழற்றி, கிளைகளை அடியிலிருந்து உச்சி வரை சரிவாக ஏற்றி ஆணியடித்தோம். இரண்டு பக்கக் கண்ணாடிகளின் மேல்பாதியை எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் வலை போட்டான், காற்று வரட்டும் என்று.

தண்ணீர்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி அடித்தட்டில் வைத்தேன். இந்த ஓணான் தண்ணீரிலேயே கழியும், ஆகவே தினமும் மாற்ற வேண்டும். நிறைந்த தொட்டியை அலுமாரியிலிருந்து தூக்கி எடுக்க என் இடுப்பு இடம் கொடுக்காது. தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்டு, பைப் வைத்து, அலுமாரி அடிப்பலகை வழியாக வெளியே எடுத்து, குசினியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் சேர்த்துவிடத் தீர்மானித்தேன். ஓட்டையை நானே போட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் ஹாலில் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரரின் செருப்பு வாசல் பக்கம் மிதந்து போயிற்று. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நான் என்னுடைய பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் வாஷராக வைத்து இறுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. பைப் தண்ணீரில் மருந்து வாசம் வரும் என்பதால் முதல் நாளே வாளியில் பிடித்து வைத்துத்தான் ஊற்றுவேன்.

சூட்டுக்கு என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. கண்டிக் குளிர் எங்களுக்குச் சுகம், அதற்கு ஆகாது. இப்போதெல்லாம் கடையில் கிடைக்கிற பல்ப் வெளிச்சம் தருகிறதே தவிர சூடு தருவதில்லை. கடைசியில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் சிவப்பு பல்ப் கிடைத்தது. குஞ்சுகளுக்குத் தாய்ச்சூடு கொடுக்கிற பல்ப். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க வைக்கிற பெட்டிக்குப் போடுகிற, சூடு கூடினால் தானே அணைகிற ஒரு கருவியும் அங்கேயே இருந்தது. அலுமாரி உச்சியை அறுத்துக் கம்பி வலை போட்டு, உடம்பு சுடாதபடி பல்பை வலைக்கு மேலே தொங்கவிட்டேன். வெயிலுக்குப் பதிலாக எரிகிற விசேஷ விளக்கைக் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாக மீன் விற்கிற கடைக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். அது வரும் வரை காலையில் ஓணானை ஒரு கிளிக்கூட்டில் வைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோவேன்.

மிச்சம் இருந்தது கண்ணாடி. முன்னாலும் பக்கங்களிலும் கீழே ஒன்றரை அடிக்குக் கண்ணாடியை மறைத்து ஏதாவது ஒட்ட வேண்டும், அப்போதுதான் அது சுவர் என்று அதற்குப் புரியும். எதை ஒட்டுவது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கதிரை மேல் அட்டைக் கட்டு ஒன்று இருந்தது. கடையில் துணி சுற்றி வருகிற நீள அட்டைகள். வைத்தவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெளிப்பக்கமாக வரிசையாக ஒட்டினேன், அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது.

அடியில் தேங்காய்த் தும்புத்தூள் பரப்பி, இரண்டு செடிச் சட்டிகளை வைத்து, அதுவரை கிளிக்கூட்டில் கிடந்த ஓணானை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு காலை எடுத்துக் கொய்யாக் கிளையில் வைத்தது. அடுத்த கால். சரசரவென்று உச்சிக்கு ஏறி, சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே வயிற்றைப் பரப்பிப் படுத்தது. அந்த வால் முதல் தடவையாக மடியாமல் நேராகத் தொங்கியது. நான் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூக்கு ஆறத் தொடங்கியது. மண்புழு தோண்டிக் கொடுப்பேன், வெட்டுக்கிளி பிடித்துக் கொடுப்பேன், லபக்கென்று வாங்கும். கொண்டுவந்து ஒரு மாதமும் கடந்தது. சலூன் வழியாகப் போகும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், அந்த மனுசன் தலையைத் தூக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அது சோர ஆரம்பித்தது.

முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பச்சை மங்கி, பழுப்பாக, கிளையில் வாயைத் திறந்தபடி இருந்தது. புதன்கிழமைக்குள் தெளிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அப்படி. அதற்கடுத்த வாரம் மூச்சு விடும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஏன் சனிக்கிழமை என்று யோசித்தேன், எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். முட்டைகூட உள்ளே வராது. அன்றைக்கு உயிரோடு ஒரு புழுவை எடுத்து இன்னொன்றின் வாயில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஓணானும் வெள்ளிக்கிழமை விரதம். வளர்ந்த ஓணானுக்கு ஒருநாள் இடைவெளி ஒன்றும் செய்யாது என்று வைத்தியரே சொல்லியிருந்தார். ஆனாலும் என் விரதத்தை அதன் வயிற்றில் ஏற்றிவிட்டேன், பட்டினியில்தான் சோர்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் கடைக்குப் போனதும், சாமிப் படம் இருக்கிற அறைக் கதவைச் சாத்திவிட்டு, மண்புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். முருகா மன்னித்துக்கொள் என்று சத்தமாகவே சொன்னேன். அது ஆசையாகத் தின்றது.

சனிக்கிழமை காலை முன்பைவிட மோசமாக இருந்தது. மூக்குத் துளையில் சளி கட்டியிருந்தது.

மறுபடியும் பேராதனைக்கு ஓடினேன். வைத்தியர் காதில் மாட்டுகிற குழாயை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நெஞ்சுச் சளி என்றார். சூடு சரியா என்று கேட்டார், சரி என்றேன். ஈரம் தேங்குகிறதா, இல்லை. கொசுவத்தி? அதை என்றைக்கோ நிறுத்திவிட்டேன். பெயின்ட், வாசனை ஸ்ப்ரே? இல்லை.

"கெதர துமக் எஹெம தியெனவாத?" என்று கேட்டார். வீட்டில் புகை ஏதும் இருக்கிறதா என்று.

எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. சமையல் கேஸ் அடுப்பில். குப்பை எரிப்பதும் இல்லை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் மருந்து கொடுத்தார், இன்னும் ஒருமுறை இப்படி வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு ஆளாக இல்லை. குளிர்காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். அலுமாரியின் ஒரு பக்கத்துக்குப் போர்வை கட்டினேன். சலூன்காரர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைவிட அந்தச் சாக்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்த கண்தான் என்னை வதைத்தது. மீன் தொட்டியிலேயே கிடந்திருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமோ, நான்தான் எதையோ தப்பாகச் செய்து கொல்லுகிறேனோ என்று இருந்தது. விடமாட்டேன் என்று ஒரு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, எதை விடக்கூடாது என்று தெரியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நான் டவுனில் உள்ள கோவிலுக்குப் போவது வழக்கம். வீட்டுக்காரர் அன்று நேரத்தோடு கடையைச் சாத்திவிட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, வீட்டுக்குச் சாம்பிராணி காட்டுவார். அது அவர் வேலை. கடையில் அவருடைய அப்பா செய்ததை இவர் கடையிலும் வீட்டிலும் செய்கிறார். சிரட்டைக் கரியை ஊதிக் கனல வைத்து, சாம்பிராணியைத் தூவி, அறை அறையாக, மூலை மூலையாகக் கொண்டுபோவார். நான் திரும்பி வரும்போது வீடு முழுக்க அந்த வாசம் இருக்கும். எனக்கு அது வெள்ளிக்கிழமையின் வாசம், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். பாலத்தடியில் வாகனங்கள் நகராமல் நின்றன. மனம் கோவிலில் இல்லை, அலுமாரியில் இருந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பின்பக்கக் கதவால் உள்ளே வந்தேன்.

ஹாலில் புகை மண்டியிருந்தது. அலுமாரிக் கதவு ஒன்று திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியோடு, வெற்று மேலோடு, இடக்கையில் சாம்பிராணிச் சட்டியை ஏந்தி, வலக்கையில் கடைத் துணி அட்டை ஒன்றால் விசிறிவிசிறிப் புகையை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். ஓணான் மேல்கிளையில் கண்ணை மூடி வாயைத் திறந்தபடி கிடந்தது.

"ஒடம்பு சொகமாகணும் சாமி" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "வாயில்லாத சீவன். இதுவும் நம்ம வீட்டு ஆள்தான்."

நான் போட்ட சத்தத்தில் சட்டி அவர் கையிலிருந்து விழப் பார்த்தது. பிடுங்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன், ஃபேனைப் போட்டேன், ஓணானைத் துணியில் எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"என்னங்க பண்ணீங்க? மனுசனா நீங்க? மூச்சு விட முடியாமக் கெடக்கிறதுக்குப் போய்ப் பொகையப் போடுறீங்களே!"

"பொகையா? சாம்பிராணிதானே காட்டுனேன்" என்றார்.

"சாம்பிராணியும் பொகைதானேங்க!"

சொல்லி முடிக்கும்போதே வைத்தியரின் கேள்வி நினைவுக்கு வந்தது. இல்லை என்று அடித்துச் சொன்னது நான்தான். இத்தனை வருடமாக இந்த மூக்கால் சுவாசித்த ஒன்றை, புகை என்று கேட்டபோது எனக்கும் நினைக்கத் தெரியவில்லை. அவரைத் திட்டுவதற்கு நான் யார்?

"எப்ப இருந்து காட்டுறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அலுமாரிக்குள்ள வந்ததுல இருந்துதான். வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் காட்டிட்டு, இதுக்கு மட்டும் காட்டாம விட முடியுமா? சொகமில்லைன்னு நீ சொன்னதுக்குப் பொறகு கொஞ்சம் கூடவே போட்டேன்." துணிக்குள்ளிருந்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான்தான் கொன்னுட்டேனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோசத்துக்காக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவை ஜெயிப்பதற்காக அதற்கு வீடு கட்டினேன். அதற்கு ஒரு பெயர்கூட நான் வைக்கவில்லை. இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளிக்கு வெள்ளி அதை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சாமிக்கு ஒளித்துப் புழு கொடுத்தேன், அவர் எனக்குத் தெரியாமல் புகை கொடுத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பாடையில் ஏற்றப் பார்த்திருக்கிறோம்.

"கொல்ல விடமாட்டேன்" என்றேன். "சட்டையப் போடுங்க. த்ரீவீல் பிடிச்சுட்டு வாங்க."

வைத்தியர் வீட்டுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. தன் வீட்டிலும் கண்ணூறு கழிய என்று அம்மா புகை போடுவதாகவும், தன்னிடம் யாராவது கேட்டிருந்தால் தானும் அதைப் புகைக் கணக்கில் சேர்த்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார். ஊசி போட்டார். இன்னும் போட வேண்டிய ஊசிகளை நான் வீட்டிலேயே போடலாம் என்று முன்னங்காலில் எங்கே குத்துவது என்று காட்டித் தந்தார். இனி இதன் கையில்தான் இருக்கிறது என்றார்.

அதன் கையில் மட்டும் விடுவதாக நான் இல்லை. அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். புகை குடித்த தும்புத்தூளைக் கொட்டினேன், கிளைகளைக் கழற்றிச் சுடுதண்ணீரில் தேய்த்தேன், உள்பலகையை மூன்று தரம் துடைத்து வெயிலில் திறந்து வைத்தேன். ஊசி போடுகிற நாளில் வீட்டுக்காரர்தான் பிடிப்பார். அதுவரை அதைத் தொட்டே பார்க்காத மனுசன், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடையில் மிஞ்சிய பருத்தித் துணியில் அதைச் சுற்றி, ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்து நீட்டுவார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொள்வார். "குத்திட்டியா? குத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓணான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. வாய் மூடியது. ஒருநாள் காலை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஹாலில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கொய்யாக் கிளையிலிருந்து தொட்டிக்குள் குதித்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. பச்சை திரும்பியிருந்தது. அவர் பல் துலக்கிய வாயோடு பக்கத்தில் வந்து நின்றார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாம்பிராணி இல்லை. கடையில் மட்டும் காட்டுவார். கடைச் சட்டையிலும் வாசம் ஒட்டியிருக்கும் என்று அதைப் பின்முற்றத்திலேயே கழற்றி வாளியில் ஊறப்போட்டு, தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வருவார். சாமி படத்துக்கு விளக்கேற்றிப் பூ வைப்பார். பிறகு செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பார். மெதுவாகத் தெளிப்பார். அது நாக்கை நீட்டி, மூக்கில் வழிகிற துளிகளை நக்கிக் குடிக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் சலூன்காரர் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, இன்னும் இருக்குதாமே, பார்க்கலாமா?" என்றார். இந்த நாளுக்காக நான் எத்தனையோ வசனம் தயாரித்து வைத்திருந்தேன். பாண் வாங்கப் போகும்போதெல்லாம் அவற்றுக்குச் சாணை பிடித்திருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஸ்ப்ரே போத்தலோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நில்லுங்க. சிகரெட் பிடிச்சீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு முதலாளி, இப்ப வரும்போது."

"அப்ப உள்ள வராதீங்க. அந்தப் பைப்புல வாயையும் கையையும் கழுவிட்டு, செத்த நேரம் வெளியில காத்தாட நின்னுட்டு வாங்க."

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் பைப்பைக் காட்டினேன். கழுவிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நின்று, பிறகு உள்ளே வந்தார். ஓணான் உச்சிக்கிளையில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. மூக்கு மூடி, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்த தோல். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம கடை ஓணான்தானா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தட்ட விரலை மடக்கினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இல்லை. எங்க வீட்டுது" என்றார். "தட்டாதீங்க."

நான் தயாரித்து வைத்திருந்த ஒன்றும் தேவைப்படவில்லை. மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.